பழைய பார்டர், புதிய பார்டர்

செங்கோட்டைப் பக்கம் வந்து ‘பார்டர் எங்கே?’ என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பரோட்டாக் கடைக்கு வழி சொல்வார்கள். கேலி இல்லை. தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் பிரானூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. பஸ் கண்டக்டருக்கு அது ‘பார்டர்’. டிக்கெட் கேட்பவருக்கும் பார்டர். நாட்டுக்கோழி மிளகு வறுவலுக்காக மதுரையிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருபவருக்கும் பார்டர்தான். ஆனால் அங்கே நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் தமிழ்நாடுதான் தெரியும். கேரளத்துக்கு அங்கிருந்து இன்னும் சுமார் 15 கிலோமீட்டர் மேற்கே போய், மலையும் ஏற வேண்டும்.

1956 நவம்பர் 1 வரைக்கும் எல்லை அங்கேதான் இருந்தது. பிரானூருக்குக் கிழக்கே சென்னை மாகாணம், மேற்கே செங்கோட்டை தாலுகா, அதாவது திருவிதாங்கூர். மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்தபோது எல்லைக் கோட்டைத் தூக்கி மலை மேல் வைத்தார்கள். பெயரைத் தூக்க மறந்துவிட்டார்கள்.

எங்கள் ஊர் புளியரை. இந்த இரண்டு பார்டருக்கும் நடுவில், மேற்குக் கடைசியில், மலையின் காலடியில் இருக்கிறது. ரயிலில் வந்தால் பகவதிபுரத்தில் இறங்க வேண்டும். தமிழ்நாட்டின் கடைசி ஸ்டேஷன். ரோட்டில் வந்தால் செங்கோட்டையைத் தாண்டி ஏழெட்டு கிலோமீட்டர், கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை. ஊரைத் தாண்டியதும் சாலை ஒரு எஸ் எழுத்தைப் போட்டுக்கொண்டு மலையேறும். மேலே கோட்டைவாசல். அங்கே கருப்பசாமி கோயில். ஐயப்ப பக்தர்களும் லாரி டிரைவர்களும் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அதைத் தாண்டினால் பெயர்ப்பலகை எழுத்தெல்லாம் வளைந்துவிடும்.

ஆச்சி பிறந்ததும் வாக்கப்பட்டதும் புளியரையில்தான். சாகும்வரை அவள் தென்காசிக்குப் போகும்போதெல்லாம் “பாண்டிக்குப் போயிட்டு வாரேன்” என்றுதான் சொல்வாள். தென்காசி அவளுக்கு வேறு சீமை, பாண்டியன் சீமை. சின்ன வயதில் எனக்கு அது புரியவில்லை. நாமும் தமிழ்தானே பேசுகிறோம், அப்புறம் அது மட்டும் எப்படிப் பாண்டி? பின்னால் புனலூரில் ஓர் உறவினர் வீட்டில் லீவுக்குத் தங்கியிருந்தபோது, கூட விளையாடிய பையன்கள் என்னை ‘பாண்டி’ என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்ட விதம் அவ்வளவு நல்லதாக இல்லை. அழுதுகொண்டு திரும்பி வந்து ஆச்சியிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். “நம்மளையா? நாம எப்பம்ல பாண்டி ஆனோம்?” என்றாள்.

அவள் கேட்டது வேடிக்கைக்காக அல்ல. அவள் பிறந்த காலத்தில் புளியரைக்காரர்கள் திருவனந்தபுரத்து மகாராஜாவின் குடிகள். கடிதம் எழுதினால் அது அஞ்சல் ஆபீசுக்குப் போகும். பிரிட்டிஷ் தபாலைச் சேராத, திருவிதாங்கூரின் சொந்தத் தபால் அது. 1951-ல்தான் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. இன்று தமிழ்நாடு முழுக்க ‘அஞ்சல்’ என்று எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும். கையில் புழங்கியது சக்கரம். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். அதிலும் ஒரு கூத்து: அது திருவிதாங்கூர் ரூபாய். பிரானூரைத் தாண்டிப் போய்ப் பிரிட்டிஷ் ரூபாய் வாங்க வேண்டுமென்றால் இருபத்தெட்டரைச் சக்கரம் கொடுக்க வேண்டும். அரைச் சக்கரம் கூடுதல். தாத்தாவின் தகரப் பெட்டியில் கொல்லம் 1109 என்று மலையாள வருஷம் போட்ட நிலப் பத்திரம் ஒன்று இன்னும் இருக்கிறது. தமிழில் எழுதியதுதான், ஆனால் நடுநடுவே மலையாள வார்த்தைகள் வந்து விழுந்திருக்கும். பணத் தொகை எல்லாம் சக்கரத்தில். அதை வாசித்துச் சொல்ல இப்போது வீட்டில் ஆள் இல்லை.

வாஞ்சிநாதன் எங்கள் பக்கத்து ஊர்க்காரர் என்பதைப் பள்ளிக்கூடத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வோம். 1911 ஜூன் 17-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டவர். அவரும் திருவிதாங்கூர்க் குடிதான், புனலூரில் வனத்துறை வேலை பார்த்தவர். சொந்த ஊர் செங்கோட்டை, வேலை மலைக்கு அந்தப் பக்கம், சுட்டது பிரிட்டிஷ் சீமையில். இப்போதைய வரைபடத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் மூன்றும் வேறு மாதிரித் தெரியும். அன்றைக்குச் செங்கோட்டையும் புனலூரும் ஒரே ராஜ்யம், மணியாச்சிதான் வெளியூர்.

திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட இணைப்புப் போராட்டம் பற்றிப் பேசும்போது எல்லாரும் கன்னியாகுமரியைப் பற்றிப் பேசுவார்கள். மார்ஷல் நேசமணி, 1954 ஆகஸ்ட் துப்பாக்கிச் சூடு என்று அந்தப் பக்கம் கதை பெரிது, ரத்தமும் சிந்தியது. செங்கோட்டை அதில் ஒரு வரியாகத்தான் வரும். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் இங்கேயும் இருந்தது. செங்கோட்டையின் சட்டநாதக் கரையாளர் சட்டசபைக்குப் போய்ப் பேசினார். கடைசியில் நாங்கள் இந்தப் பக்கம் வந்தோம். ஆரியங்காவு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. ராஜ்யத்தின் உள்ளே கிடந்த புளியரை ஒரே ராத்திரியில் மாநிலத்தின் ஓரத்து ஊராகிவிட்டது. ஊர் ஓர் அங்குலம் அசையவில்லை.

செங்கோட்டையில் ஓர் அலங்கார வளைவு உண்டு, சங்கு முத்திரை போட்டது. திருவிதாங்கூர் அரசின் சின்னம். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பஸ் ஜன்னலில் அதைப் பார்த்துக்கொண்டே போவேன். யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லித் தந்ததில்லை. ஏதோ கோயில் வாசல் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனிக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரைப் பற்றி எழுதிவிட்டுக் காற்றை எழுதாவிட்டால் ஊரில் கால் வைக்க முடியாது.

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே வரும்போது செங்கோட்டைக்கு மேற்கே கொஞ்சம் தாழ்ந்து கொடுக்கிறது. வடக்கே பெரியாறு பக்கத்து மலைகள், தெற்கே அகத்தியமலை, நடுவில் இந்தத் தாழ்வு. பாலக்காட்டுக் கணவாய் மாதிரி அகலமானதில்லை. ஒரு பெரிய வீட்டுக்குக் கொல்லைக் கதவு மாதிரி. கேரளத்தில் இடவப்பாதி தொடங்கி மழை கொட்டும்போது இந்தக் கதவு வழியாகக் காற்று எங்கள் மேல் பாயும். அவர்களுக்குப் பெய்து மிஞ்சியது எங்களுக்கு வரும். அதுதான் சாரல்.

சாரலை மழை என்று சொல்ல முடியாது. தூறல் என்றாலும் சரியாக வராது. வெயில் அடித்துக்கொண்டே இருக்கும், முகத்தில் பொடிப்பொடியாக ஈரம் விழும். ஐந்து நிமிஷத்தில் நின்றுவிடும், மறுபடி வரும். குடை எடுப்பவன் வெளியூர்க்காரன். எங்கள் ஊரில் ஆனி, ஆடியில் குடையை விரித்தால் அது தாமரைப்பூ மாதிரி மேலே விரிந்துகொள்ளும். தகரக் கூரை போட்டவர்கள் எல்லாரும் அதன் மேல் கல்லை ஏற்றி வைத்திருப்பார்கள். ராத்திரி முழுக்கக் காற்று ஊளையிடும். துவைத்துப் போட்ட சட்டை மூன்று நாள் காயாது, பெல்ட்டில் பூஞ்சை பூக்கும். குற்றாலத்துக்கு வருபவர்கள் இதைச் ‘சீசன்’ என்று சொல்லிக் கொண்டாடிவிட்டுப் போய்விடுவார்கள். இருந்து பார்த்தவர்களுக்குத்தான் ஈரச் சட்டையின் வாடை தெரியும்.

ஆனால் அந்த ஈரத்தில்தான் எங்கள் கார் நெல் விளைகிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலான இடங்கள் ஐப்பசி மழைக்குக் காத்துக் கிடக்கும்போது நாங்கள் வைகாசியிலேயே நாற்றங்கால் பாவிவிடுவோம். கார், அப்புறம் பிசானம். இரண்டு பூ. மேற்கே மழை பிடித்ததும் குண்டாறு அணை நிரம்பிவிடும். 36 அடிதான், சின்ன அணை, மாவட்டத்தில் முதலில் நிரம்பியது என்று பேப்பரில் பெயர் வரும். மேக்கரையில் இருக்கும் அடவிநயினார் 132 அடி. அது நிரம்பினால்தான் வடகரை, பண்பொழிப் பக்கம் முகத்தில் சிரிப்பு வரும். தொழி உழுத வயலில் தண்ணீர் நிற்க, அதில் மலை தலைகீழாகத் தெரிய, நாற்று நடும் பெண்கள் தலையில் பாலிதீன் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வரிசையாகக் குனிந்திருப்பார்கள். இந்தக் காட்சியைப் படம் எடுக்க இப்போது பைக்கில் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். வரப்பில் நின்று செல்ஃபி எடுத்தால் பரவாயில்லை, வரப்பை உடைத்துவிட்டுப் போகிறார்கள். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி வைத்தவர்கள் பாடு இதைவிட மோசம்.

கோட்டைவாசலில் ஒரு வேடிக்கை. அங்கே விழுகிற மழையில் மேற்கே சாய்ந்த துளி கழுதுருட்டி வழியாகக் கல்லடையாற்றில் சேர்ந்து, கொல்லத்தில் அஷ்டமுடிக் காயலுக்குப் போய் அரபிக் கடலில் விழும். கிழக்கே சாய்ந்த துளி எங்கள் ஓடைகளில் இறங்கி, சிற்றாறாகி, சீவலப்பேரியில் தாமிரபரணியைப் பிடித்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவுக்குப் போகும். 1956-ல் கோடு போட்டவர்கள் இதைக் கணக்கில் வைத்துத்தான் போட்டார்களா என்று தெரியாது. எப்படியோ தண்ணீர் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

எல்லையைக் கடக்கிறோம் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ரயிலில்தான். 1904 நவம்பரில் திறந்த பாதை அது. சென்னை மாகாணம், திருவிதாங்கூர் அரசு, தென்னிந்திய ரயில்வே கம்பெனி மூன்றும் சேர்ந்து போட்டது. நான் பார்த்தது மீட்டர் கேஜ் காலம். பகவதிபுரத்தில் வண்டி கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும். மலை ஏறும் வண்டிக்கு முன்னால் ஓர் இன்ஜின், பின்னால் தள்ளுவதற்கு ஓர் இன்ஜின். முன்னால் இருப்பது ஊதினால் பின்னால் இருப்பது பதிலுக்கு ஊதும். அப்புறம் நகரும். எங்கள் வயலில் நின்று கேட்டால் இரண்டு பேர் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசிக்கொள்வது மாதிரி இருக்கும்.

பிறகு குகை. முக்கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம். குகை வந்துவிட்டால் பையன்கள் எல்லாரும் கத்துவோம். பெரியவர்கள் சன்னலை இறக்குவார்கள். டீசல் புகை, ஈரப் பாறையின் வாசம், இருட்டு. வெளியே வரும்போது ஆரியங்காவு. மலைக்குள்ளே எங்கேயோ, நாங்கள் கத்திக்கொண்டிருந்தபோது, மாநிலம் மாறியிருக்கும். அந்தக் கணம் எது என்று கண்டுபிடிக்க ஒரு தடவை மணிபார்த்தேன். தாத்தா கையைத் தட்டிவிட்டார். “இருட்டுக்குள்ள என்னத்தப் பாக்கே?” என்றார்.

அதைத் தாண்டிப் போனால் கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம். கருங்கல் தூண்களில் பதிமூன்று வளைவுகள், கீழே நெடுஞ்சாலை. பாலத்தின் மேல் வண்டி வளையும்போது முன் இன்ஜினையும் பின் இன்ஜினையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். 2010 செப்டம்பரில் அகலப் பாதைக்காக வண்டியை நிறுத்தினார்கள். கடைசி நாளில் பகவதிபுரம் ஸ்டேஷனில் கல்யாண வீடு மாதிரி கூட்டம் என்று அப்பா போனில் சொன்னார். சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மறுபடி முழுசாக ஓடியது 2018 ஜூனில். அந்த எட்டு வருஷத்தில் பிறந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் குகையில் கத்தத் தெரியாது. இப்போது சென்னையிலிருந்து கொல்லம் எக்ஸ்பிரஸில் ஊருக்கு வருகிறேன். பின்னால் தள்ளும் இன்ஜின் இன்றைக்கும் உண்டு. மலையின் சரிவு அகலப் பாதைக்காகக் குறைந்துவிடுமா என்ன.

அப்பாவுக்கு செக்போஸ்ட் பக்கத்தில் டீக்கடை. நாங்கள் படித்ததெல்லாம் அந்தக் கடை வருமானத்தில். வணிக வரிச் சோதனைச் சாவடி இருந்த காலத்தில் சாயங்காலமானால் லாரிகள் ஊர் வரை வரிசையில் நிற்கும். கிளீனர் பில் புத்தகத்தோடு ஜன்னலுக்கு ஓடுவான், டிரைவர் கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு கடைக்கு வருவார். எங்கள் கடையில் பெஞ்சுகளுக்குக்கூட மொழி உண்டு. பாய்லர் பக்கத்துப் பெஞ்சில் கட்டன் சாயா கேட்பவர்கள், வாசல் பெஞ்சில் ஸ்ட்ராங் டீ கேட்பவர்கள். அப்பா மலையாளம் பேசுவார். அதை மலையாளம் என்று அவர் மட்டும்தான் நம்பினார்.

அந்த வயதில் எனக்குப் பூகோளம் கற்றுக்கொடுத்தவை லாரிகள்தான். கிழக்கேயிருந்து மேற்கே போவது: பாவூர்சத்திரம் சந்தைத் தக்காளி, கத்தரிக்காய், சின்ன வெங்காயம், நாமக்கல் முட்டை, பிராய்லர் கோழி, அடிமாடு, வாழையிலை, அரிசி, வைக்கோல். மேற்கேயிருந்து கிழக்கே வருவது: ரப்பர் ஷீட், பிளைவுட், மரத்தடி. அந்தத் தடிகளெல்லாம் பிரானூரில் வரிசையாக நிற்கும் மர அறுவை மில்களுக்குப் போகும். ஓணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது காய்கறி லாரியும் பூ வண்டியுமாகச் சாலை நிறைந்துவிடும். ஓணம் எங்கள் பண்டிகை இல்லை, ஆனால் எங்கள் ஊரில் பலருக்குப் புதுத்துணி அந்தக் காசில்தான்.

வைக்கோல் லாரியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அறுப்பு முடிந்து படப்பு போடுமுன்பே மலையாளத்து வியாபாரிகள் வயலுக்கு வந்துவிடுவார்கள். லாரியின் அகலத்துக்கு இரண்டு பக்கமும் பிதுங்கி, உயரத்துக்கு இன்னொரு லாரி நிற்கிற அளவுக்கு ஏற்றுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு படப்பு தானாக மலையேறுவது மாதிரி இருக்கும். அது போன பிறகு எஸ் வளைவு ஓரத்து மரக்கிளைகளிலெல்லாம் வைக்கோல் தாடி தொங்கும்.

2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. சாவடியைத் தூக்கிவிட்டார்கள். லாரிகள் நிற்காமல் போக ஆரம்பித்தன. நாட்டுக்கு நல்லதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். மணிக்கணக்கில் காத்துக் கிடந்த டிரைவர்களுக்குப் பெரிய விடுதலை. ஆனால் லாரி நிற்காத இடத்தில் டீ யார் குடிப்பார்கள்? அப்பா ஒரு வருஷம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கடையை மூடினார். பாய்லரை விற்க மனசில்லாமல் பின்வாசலில் வைத்திருக்கிறார். மழைத்தண்ணீர் பிடிக்க உதவுகிறது.

சாவடி போனாலும் பார்டர் போகவில்லை. போலீஸ் இருக்கிறது. கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்றால் கால்நடைத் துறைக்காரர்கள் வந்து வண்டிச் சக்கரத்துக்கெல்லாம் மருந்து அடிப்பார்கள். நிபா என்றால் நெற்றியில் வெப்பம் பார்ப்பார்கள். அவர்கள் ஆஸ்பத்திரிக் கழிவை எங்கள் பக்கம் கொட்டினார்கள் என்று செய்தி வந்தால் வரும் லாரியையெல்லாம் தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பார்கள். அந்தந்தக் காலத்துப் பயத்துக்குத் தகுந்த மாதிரி சோதனை.

ஆசைக்கும் எல்லை உண்டு. தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்தார்கள். கேரளத்தில் அதை அரசாங்கமே நடத்துகிறது. கள்ளும் அப்படித்தான், இங்கே தடை, அங்கே கடை. எங்கள் ஊரில் “மேல போயிட்டு வாரேன்” என்று ஒருவர் சொன்னால் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. திரும்பி வரும்போது நடையைப் பார்த்தால் தெரிந்துவிடும், லாட்டரியா கள்ளா என்று. என் மாமா ஒருவர் இருபது வருஷமாகச் சீட்டு வாங்குகிறார். இதுவரை விழுந்ததைவிட அவர் பஸ்ஸுக்குக் கொடுத்தது அதிகம்.

இந்தப் போக்குவரத்தில் சாமிகளும் உண்டு. ஆரியங்காவு சாஸ்தா கோயில் சாலையிலிருந்து படியிறங்கிப் போகும் பள்ளத்தில் இருக்கிறது. அங்கே மார்கழியில் சாஸ்தாவுக்குக் கல்யாணம். மணப்பெண் புஷ்கலை மதுரைச் சௌராஷ்டிரர் வீட்டுப் பெண் என்பது ஐதீகம். அதனால் ஒவ்வொரு வருஷமும் மதுரையிலிருந்து சௌராஷ்டிர மக்கள் சீர் எடுத்துக்கொண்டு பெண்வீட்டாராக வருகிறார்கள். கோயில்காரர்கள் மாப்பிள்ளை வீட்டாராக நின்று சம்பந்தி மரியாதை செய்கிறார்கள். நெசவும் பட்டுமாக வாழ்ந்த ஒரு சமூகம், குஜராத்திலிருந்து மதுரைக்கு வந்து, அங்கிருந்து காட்டுக்குள் இருக்கும் சாமிக்குப் பெண் கொடுத்திருக்கிறது. நிச்சயதார்த்தத்துக்கு அங்கே ‘பாண்டியன் முடிப்பு’ என்று பெயர். ஆச்சி சொன்ன அதே பாண்டிதான், இந்த இடத்தில் மரியாதையோடு.

அச்சன்கோயில் கதை இன்னும் விசேஷம். அதுவும் சாஸ்தா கோயில், அதுவும் கேரளம். ஆனால் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. சாமியின் நகைகள் புனலூர்க் கருவூலத்தில் இருக்கும். மார்கழித் திருவிழாவுக்கு அந்த ஆபரணப் பெட்டி கோயிலுக்குப் போக வேண்டும். அது ஆரியங்காவு, கோட்டைவாசல், புளியரை, செங்கோட்டை என்று தமிழ்நாட்டுக்குள் இறங்கி, தென்காசி காசி விசுவநாதர் கோயில் வரை வந்து, பிறகு மேக்கரை வழியாகத் திரும்ப மலையேறிக் கேரளத்துக்குள் போகும். கேரளப் போலீஸ் துப்பாக்கியோடு கூட வரும், எல்லையில் நம் போலீசும் சேர்ந்துகொள்ளும். ஊரில் பூத்தூவி வரவேற்போம். கேரள சாமியின் நகை தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டு கேரளத்துக்கே போகிறது என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் ஒன்றும் விசித்திரமாகத் தெரியாது.

எங்கள் ஊருக்கும் கோயில் பெருமை உண்டு. சதாசிவமூர்த்தி கோயில், ஆனால் கூட்டம் வருவது தட்சிணாமூர்த்திக்கு. குருப்பெயர்ச்சி என்றால் தாங்காது. சமணர் காலத்தில் தில்லை நடராசரைக் கொண்டுவந்து இங்கே ஒரு புளியமரப் பொந்தில் ஒளித்து வைத்தார்கள், அந்தப் புளியின் அறைதான் புளியரை ஆயிற்று என்று கதை. நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். சிதம்பரத்திலிருந்து ஓடிவரும் ஒருவன் இனி மலைதான் என்று நிற்கும் இடம் இது என்பதை மட்டும் நம்புகிறேன். ஓடிவந்தவர்கள் பிற்காலத்திலும் உண்டு. 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்களில் ஒரு பகுதியினரை மலைக்கு அந்தப் பக்கம் குளத்துப்புழை ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். அப்பா கடைக்கு வந்தவர்களில் ஒரு பெரியவர் அவர்களில் ஒருவர். அவர் தமிழ் எங்கள் தமிழ் மாதிரியும் இருக்காது, மலையாளமும் இல்லை. டீயைத் ‘தேத்தண்ணி’ என்பார்.

இப்போது சாலையில் ஓடுவது வேறு லாரி. பத்துச் சக்கரம், பன்னிரண்டு சக்கரம் என்று டிப்பர்கள். எங்கள் பக்கத்துக் குவாரிகளிலிருந்து எம் சாண்டும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு இரவு பகலாக மேற்கே போகின்றன. கேரளத்தில் மலையை உடைக்க அவ்வளவு சுலபமாக விடமாட்டார்கள். அதனால் எங்கள் பொத்தையை, அதாவது பாறைக் குன்றை, உடைத்து அங்கே கட்டடம் கட்டுகிறார்கள். தக்காளி போனால் அடுத்த வருஷம் மறுபடி காய்க்கும். போன பொத்தை போனதுதான். ரோட்டைக் குறுக்கே கடக்க ஆச்சிகள் கால்மணி நேரம் நிற்கிறார்கள். இதைப் பற்றிப் பேசினால் வேலை கிடைக்கிறதே என்பார்கள். எத்தனை பேருக்கு என்று எண்ணிச் சொல்லச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

எஸ் வளைவில் லாரி கவிழ்வது எங்களுக்குப் புதிதில்லை. 2024 பிப்ரவரியில் ஒரு நாள் நள்ளிரவு தாண்டி, கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றித் தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த லாரி வளைவில் கட்டுப்பாடு இழந்து நேராகக் கீழே இருந்த தண்டவாளத்தில் விழுந்தது. டிரைவர் இறந்துபோனார். பக்கத்தில் குடியிருந்த வயதான கணவன் மனைவி சத்தம் கேட்டு எழுந்திருக்கிறார்கள். ரயில் வரும் நேரம். இரண்டு பேரும் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தில் ஓடி, விளக்கை ஆட்டி வண்டியை நிறுத்திவிட்டார்கள். முதலமைச்சர் கூப்பிட்டு ஐந்து லட்சம் கொடுத்தார், டிவியெல்லாம் வந்தது. எனக்கு அந்த ஓட்டம்தான் மனசில் நிற்கிறது. எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் டார்ச் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும். காற்றுக் காலத்தில் கரண்ட் இருக்காது, காட்டுப்பக்கம் வீடு வேறு. சத்தம் வந்தால் கை முதலில் அதைத்தான் தேடும்.

2020 மார்ச்சில் நான் ஊரில் மாட்டிக்கொண்டேன். நாலு நாள் லீவுக்கு வந்தவன் நாலு மாதம் இருந்தேன். மேலே தடுப்பை இறக்கிவிட்டார்கள். தடுப்பு என்றால் என்ன, ஒரு கம்பி, இரண்டு இரும்பு வேலி, ஒரு பந்தல். பிறந்ததிலிருந்து அந்த வழியாகப் போய்வந்தவன் நான், அது மூடும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. பக்கத்து வீட்டு அத்தைக்குத் திருவனந்தபுரத்தில் புற்றுநோய் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்திலிருந்து அங்கேதான் எல்லாரும் போவார்கள், சென்னைக்கு யார் போவது? இ-பாஸ், அங்கே தனியாக ஒரு பதிவு, ஆம்புலன்ஸ், டாக்டர் கடிதம் என்று அவள் மகன் போனும் கையுமாக அலைந்தான். இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டு மூன்றாம் முறை போனார்கள். கோட்டைவாசலில் இறங்கி, தமிழ்நாட்டு வண்டியிலிருந்து கேரள வண்டிக்கு மாறிப் போனார்கள்.

ராத்திரியில் மலையில் ஒரு வெளிச்சம்கூட இருக்காது. லாரிச் சத்தம் இல்லாத புளியரையை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. அப்பா திண்ணையில் உட்கார்ந்து மேற்கேயே பார்த்துக்கொண்டிருப்பார். ஆச்சிக்கு அப்போது எண்பத்தைந்து தாண்டியிருக்கும். காது மந்தம், பல் இல்லை, ஆனால் விசாரணை மட்டும் குறையாது. என்ன எல்லாரும் வீட்டில் இருக்கிறீர்கள் என்று கேட்டாள். வியாதி வந்திருக்கிறது, பார்டரை அடைத்துவிட்டார்கள் என்று காதருகில் போய்ச் சத்தமாகச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“எந்தப் பார்டரய்யா? பழசையா, புதுசையா?”

“புதுசைத்தான் ஆச்சி. கோட்டவாசல்ல.”

“அப்பம் பரோட்டாக் கடை தொறந்திருக்கும்லா?”

அதையும் அடைச்சாச்சு ஆச்சி என்றேன். அவளுக்கு அப்போதுதான் விஷயம் பெரிசு என்று பட்டிருக்க வேண்டும். சேலை முந்தியால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.